ஆயிரம் அடிக்குக் கீழே: கொங்கு மண்ணில் ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும்

ஒவ்வொரு கோடையிலும் அன்னூர், அவினாசி, பல்லடம், காங்கேயம் பக்கமிருந்து ஒரே மாதிரியான செய்தி வருகிறது. ஒரு தோட்டத்தில் 1,200 அடி போட்டும் வெறும் புழுதிதான் பறந்தது. இருநூறு அடி தள்ளிப் பக்கத்துத் தோட்டத்தில் 400 அடியிலேயே தண்ணீர் கிடைத்துவிட்டது. கடன் வாங்கிப் போட்ட புது மோட்டார் ஒரு வருடத்துக்குள் எரிந்துபோனது. மூன்று வருடம் நன்றாகக் கொடுத்த போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, திடீரென்று அரை மணி நேரத்தில் காற்றைத் துப்புகிறது.

இவை தனித்தனிச் சிக்கல்களாகத் தெரிகின்றன. அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான்: துளையில் தண்ணீர் நிற்பதையும், பாறையிலிருந்து தண்ணீர் ஊறுவதையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது. எத்தனை அடி போடுவது என்பதிலிருந்து எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) மோட்டார் வாங்குவது என்பது வரை, பணம் வீணாகும் இடங்களில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்தில்தான் தொடங்குகின்றன.

பாறைக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது

காவிரி டெல்டாவின் மணல் படுகையில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். அங்கே மணலுக்கு இடையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கொங்கு நாட்டின் அடித்தளம் அப்படிப்பட்டதன்று. கோவையிலிருந்து கரூர் வரை, நாமக்கல்லிலிருந்து தாராபுரம் வரை கீழே இருப்பது நைஸ், சார்னோக்கைட், கிரானைட் போன்ற பழமையான கடினப் பாறை. பாறையின் உடம்புக்குள் தண்ணீர் நிற்க இடமே இல்லை. அதிலுள்ள விரிசல்களில் மட்டும்தான் தண்ணீர் இருக்கும். மேலிருந்து கீழாக மூன்று அடுக்குகளாக இதைப் புரிந்துகொள்ளலாம்.

1. மேல் மண்ணும் மக்கிய பாறையும். செம்மண், சுக்கான்கல், உதிரும் பாறை. மழைநீரை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும் தொட்டி இதுதான். நம் பாட்டன்மார் வெட்டிய திறந்த கிணறுகள் எல்லாம் இந்த அடுக்கை நம்பியவை.

2. விரிசல் விட்ட பாறை. மக்கிய அடுக்குக்குக் கீழே, ஒன்றோடொன்று தொடர்புள்ள வெடிப்புகள் ஓடும் பகுதி. மேலே தேங்கிய நீர் இதற்குள் இறங்கும். 200, 300 அடிப் போர்களுக்குத் தண்ணீர் தந்தது இது.

3. இறுகிய பாறை. ஆழம் கூடக் கூட மேலே உள்ள பாறையின் பாரம் விரிசல்களை நெருக்கிவிடுகிறது. விரிசல்கள் குறைகின்றன, இருப்பவையும் குறுகலாகின்றன. ஆயிரம் அடியில் நல்ல வெடிப்பு கிடைப்பது உண்டு. ஆனால் அது மழைக்கு மழை நிரம்புகிற வெடிப்பு அன்று. மெல்ல மெல்ல இறங்கிச் சேர்ந்த பழைய நீர் அது.

பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இடையே இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது. ஆறரை இஞ்சு அகலத் துளை ஒரு வெடிப்பைக் குறுக்காக வெட்டினால் தண்ணீர் வரும். பத்தடி விலகிப்போனால் வராது. அதே போல, அரை கிலோமீட்டர் தள்ளி உள்ள இரண்டு போர்கள் ஒரே வெடிப்பில் உட்கார்ந்திருந்தால் ஒருவர் இறைக்கும்போது மற்றவருக்கு மட்டம் இறங்கும். ஐம்பது அடி இடைவெளியில் உள்ள இரண்டு போர்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லாமலும் இருக்கும்.

“இன்னும் இருநூறு அடி போட்டால் வந்துவிடும்” என்ற பேச்சுக்குப் பாறையில் ஆதாரம் இல்லை. கீழே போகப் போக வாய்ப்பு குறைகிறது, செலவு கூடுகிறது. சில இடங்களில் அதைவிட மோசமும் நடக்கும்: ஆழத்தில் வறண்ட வெடிப்பு ஒன்றைத் துளைத்துவிட்டால், மேலே ஊறிக்கொண்டிருந்த நீர் அதற்குள் இறங்கிப்போய்விடும்.

கவலை ஏற்றத்திலிருந்து ரிக் வண்டிக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் கொங்குச் சமவெளியில் ஆண்டு மழை பெரும்பாலும் 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். இந்த மழையை நம்பித்தான் கவலை பூட்டி, மாடு இறங்கி ஏறும் வாரியில் தோல் பறியால் தண்ணீர் இறைத்தார்கள். மாடு இழுக்கும் வேகத்துக்கு மேல் கிணறு வற்ற வழியில்லை.

1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகளோடு கிணற்று மோட்டார்களும் ஓடத் தொடங்கின. 1970-களுக்குப் பிறகு, காற்றழுத்தத்தால் சுத்தியலை இயக்கிப் பாறையைப் பொடியாக்கும் ரிக் வண்டிகள் பெருகின. இன்று நாடு முழுவதும் ஓடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு. பம்ப் உற்பத்திக்குப் பேர்போனது கோவை. துளையிடுபவரும் மோட்டார் செய்பவரும் வீட்டு வாசலிலேயே இருந்ததால், கொங்கு நாடு மற்ற பகுதிகளை முந்திக்கொண்டு ஆழத்துக்குப் போனது.

மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்கொடுத்த மண் இது. விவசாயத்துக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் யாரும் தூக்கிக் கொடுத்ததன்று. அதன் பின்னால் அந்தப் போராட்ட வரலாறு இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டே ஒரு கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. நூறு அடியிலிருந்து ஆயிரம் லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவர ஏறத்தாழ 0.2 யூனிட் மின்சாரம் போதும். 900 அடியிலிருந்து கொண்டுவர 1.7 யூனிட் வேண்டும். மின்சாரத்துக்குப் பில் வராவிட்டாலும், அந்த வேறுபாடு பெரிய மோட்டார், தடித்த கேபிள், நீளமான குழாய் என்று விவசாயியின் கடன் கணக்கில் வந்து உட்காருகிறது.

இடம் பார்ப்பது

வேப்பங்குச்சி, தேங்காய், எலுமிச்சை வைத்து நீரோட்டம் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களில் சிலருக்கு நிலத்தின் சரிவும் மரத்தின் போக்கும் அனுபவத்தில் தெரிந்திருக்கும், குச்சிக்குத் தெரியாது. பாறையை ஓரளவு கேட்டறிய முடிவது மின்தடை ஆய்வில்தான். தரையில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, எந்த ஆழத்தில் எவ்வளவு தடை இருக்கிறது என்று அளப்பார்கள். ஈரமும் விரிசலும் உள்ள இடத்தில் தடை குறையும்; இறுகிய பாறையில் ஏறும். வேளாண்மைப் பொறியியல் துறையினர் கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த ஆய்வைச் செய்து தருகிறார்கள். மக்கிய அடுக்கு எவ்வளவு தடிமன், மேல் விரிசல்கள் எங்கே என்பதை இது நன்றாகச் சொல்லும். எண்ணூறு அடிக்குக் கீழே உள்ள ஒரு விரல் அகல வெடிப்பைச் சொல்லும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பக் கூடாது.

கருவி இல்லாமலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஓடை, குளம், வாய்க்காலுக்குப் பக்கம். இரண்டு சரிவுகள் கூடும் பள்ளம். கோடையிலும் பசுமை மாறாத மர வரிசை. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதை ஒரு பகுதி விவசாயிகள் அவ்வளவு உறுதியாக எதிர்த்ததற்குக் காரணம், வாய்க்கால் கசிவுதான் தங்கள் கிணறுகளையும் போர்களையும் நிரப்புகிறது என்பதுதான். மேலே என்ன நடக்கிறதோ அதுதான் கீழே தண்ணீராகச் சேரும்.

துளையிடும் நாள்

துளை போடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது 2010-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதல். ஊராட்சிப் பகுதியில் முன் அனுமதி பெற வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 2015-ஆம் ஆண்டு விதி. பதிவு பெற்ற ரிக் வண்டியைத்தான் அழைக்க வேண்டும். அந்த அனுமதிச் சீட்டு கையில் இருந்தால் பிற்பாடு மின் இணைப்பிலும் தகராறிலும் உதவும்.

வண்டி வந்ததும் முதலில் அகலமான துளை போட்டு, மண்ணும் மக்கிய பாறையும் முடியும் வரை கேசிங் பைப் (மண் சரியாமல் தாங்கும் வெளிக்குழாய்) இறக்குவார்கள். கெட்டிப் பாறைக்குள் அது நன்றாக உட்கார வேண்டும். கேசிங்கில் இருபது அடி மிச்சம் பிடிக்க நினைப்பது இந்த வேலையிலேயே மிகத் தவறான சிக்கனம். மேல் மண் சரிந்தால் போரே மூடிக்கொள்ளும், அல்லது கல் விழுந்து மோட்டாரை நடுவழியில் கவ்விக்கொள்ளும். கேசிங்கின் வெளிப்பக்க இடைவெளியைக் களிமண்ணாலோ சிமென்ட்டாலோ அடைத்து, குழாயைத் தரைக்கு மேல் ஓரடியாவது நீட்டி விட வேண்டும். இல்லாவிட்டால் சாக்கடைத் தண்ணீர் அதன் ஓரமாகவே உள்ளே இறங்கும்.

பிறகு பாறைத் துளை: தோட்டத்துக்குப் பெரும்பாலும் ஆறரை இஞ்சு, வீட்டுக்கு நாலரை இஞ்சு. இருபது அடி ராடு, அதாவது துளையிடும் கம்பி, ஒவ்வொன்றாக இறங்கும். வாயிலிருந்து பறக்கும் பொடியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். வெளிர் சாம்பல் நிறத்தில் காய்ந்த மாவாகப் பறந்தால் கெட்டிப் பாறை. பொடி திடீரென்று செம்பழுப்பாக மாறினாலோ, வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) துண்டுகள் கலந்து வந்தாலோ, ராடு சட்டென்று சில அங்குலம் நழுவினாலோ வெடிப்பு வந்திருக்கிறது. அப்போது பொடி குழைந்து சேறாகும்; பிறகு தண்ணீர் தெறிக்கும். எத்தனையாவது ராடில், எத்தனை அடியில் என்று ஒரு நோட்டில் அந்த இடத்திலேயே எழுத வேண்டும். பத்து வருடம் கழித்து மோட்டாரை எங்கே தொங்கவிடுவது என்ற கேள்விக்கு அந்த நோட்டு மட்டுமே பதில் சொல்லும். இரவு முழுவதும் விழித்திருந்து அடிக்கணக்கு மட்டும் பார்த்துவிட்டு, ஊற்று வந்த ஆழத்தை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். அடிக்கணக்கு வண்டிக்காரருக்குக் கொடுக்கும் கூலிக்கானது. ஊற்றுக் கணக்குதான் தோட்டக்காரருக்கானது.

அடிக்கூலி நூறு அடிக்கு நூறு அடி ஏறிக்கொண்டே போகும். ஆகவே எந்த ஆழத்தோடு நிறுத்துவது என்பதை வண்டி வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். நள்ளிரவில், புழுதிக்கு நடுவே, “இன்னும் ஐந்து ராடு” என்ற ஆசையோடு எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருப்பதில்லை.

“இரண்டு இஞ்சுத் தண்ணீர்” என்றால் எவ்வளவு?

போர் போட்டதும் ஊரே கேட்கும் கேள்வி “எத்தனை இஞ்சு?” என்பதுதான். முறையாக அளப்பவர்கள், செங்கோண முக்கோண வடிவில் வெட்டிய ஒரு தகட்டின் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டு, அந்த வெட்டில் எவ்வளவு உயரத்துக்கு ஓடுகிறது என்று பார்ப்பார்கள். அந்த உயரம்தான் இஞ்சு.

இதில் ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. இரண்டு இஞ்சு என்பது ஒரு இஞ்சின் இரு மடங்கு அன்று.

1. ஒரு இஞ்சு உயரம்: நிமிடத்துக்குச் சுமார் 8 முதல் 9 லிட்டர். ஒரு வீட்டுக்குப் போதும்.
2. இரண்டு இஞ்சு: நிமிடத்துக்கு 48 லிட்டர் அளவில். ஐந்தரை மடங்குக்கு மேல்.
3. மூன்று இஞ்சு: நிமிடத்துக்கு 130 லிட்டருக்கு மேல்.

வெட்டு மேலே போகப் போக அகலமாவதால் இப்படி. ஆகவே கண்மதிப்பில் “ஒன்றரை, இரண்டு இருக்கும்” என்று சொல்வதில் தண்ணீரின் அளவு பாதிக்குப் பாதி மாறிவிடும். கம்ப்ரசர் காற்று தூக்கியடிக்கும் முதல் பத்து நிமிடத் தண்ணீரையும் கணக்கில் எடுக்கக் கூடாது. அது வெடிப்பில் ஏற்கெனவே தேங்கியிருந்தது. ஒரு மணி நேரமாவது காற்றடித்து, ஓட்டம் ஒரே அளவில் நிலைத்த பிறகு அளப்பதே ஊற்றின் அளவு.

நிற்பது எவ்வளவு, ஊறுவது எவ்வளவு

ஆறரை இஞ்சுத் துளை ஓர் அடிக்குச் சுமார் ஆறரை லிட்டர் கொள்ளும். ஆயிரம் அடிப் போரில் காலையில் 400 அடியில் தண்ணீர் நிற்கிறது, மோட்டார் 900 அடியில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 500 அடித் தண்ணீர் வெறும் 3,250 லிட்டர். வினாடிக்கு ஒரு லிட்டர் இறைக்கும் மோட்டார் இதை ஒரு மணி நேரத்துக்குள் உறிஞ்சிவிடும். அதற்குப் பிறகு வருவது ஊற்று மட்டுமே.

“ஐந்நூறு அடித் தண்ணீர் நிற்கிறது” என்ற பெருமைக்குப் பின்னால் இருப்பது மூன்று சின்டெக்ஸ் தொட்டி அளவுதான். மோட்டார் ஓடாதபோது நிற்கும் மட்டம் ஒன்று. ஓடும்போது இறங்கி நிலைக்கும் மட்டம் மற்றொன்று. எந்த மோட்டாரையும் இரண்டாவது மட்டத்தை வைத்துத்தான் வாங்க வேண்டும். நிமிடத்துக்கு 40 லிட்டர் ஊறும் போரில் 100 லிட்டர் இறைக்கும் மோட்டாரைப் போட்டால் தண்ணீர் அதிகமாகிவிடாது. மோட்டார் முதலில் அள்ளிக் கொட்டும், பிறகு காற்றை இழுக்கும், பிறகு எரியும்.

சின்ன மோட்டாரை நீண்ட நேரம் ஓட்டித் தொட்டியிலோ பழைய கிணற்றிலோ சேர்த்து, அங்கிருந்து இன்னொரு மோட்டாரால் பாய்ச்சுவது கொங்குத் தோட்டங்களில் வழக்கம். குறைந்த ஊற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நிமிடத்துக்கு 60 லிட்டர் என்பது மணிக்கு 3,600 லிட்டர். ஆறு மணி நேரத்தில் 21,600 லிட்டர். சொட்டுநீரில் ஒரு தென்னைக்கு நாளைக்கு 70 லிட்டர் வைத்தால் முந்நூறு மரங்களுக்குப் போதும். அதே தண்ணீரை மண் வாய்க்காலில் விட்டால் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு.

எத்தனை எச்.பி.?

பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டதைப் பார்த்து வாங்குவது ஊர் வழக்கம். கணக்கு கடினமன்று.

1. உயரம்: ஓடும்போது நிலைக்கும் மட்டத்திலிருந்து தொட்டி வாய் வரை. ஊற்று குறைந்த போரில் மட்டம் மோட்டார் வரைக்குமே இறங்கிவிடும் என்பதால், அதையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. மேலே சொன்ன ஆயிரம் அடிப் போரில் அது 900 அடி, அதாவது 275 மீட்டர்.
2. அளவு: ஊற்று எவ்வளவோ அவ்வளவு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. இங்கே வினாடிக்கு 1 லிட்டர்.
3. தண்ணீரைத் தூக்க மட்டும் தேவைப்படும் திறன்: 275 × 9.81, ஏறத்தாழ 2.7 கிலோவாட்.
4. பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு 45 அளவே பயனாக்கும் என்று கொண்டால், 6 கிலோவாட் வேண்டும். ஒரு எச்.பி. 746 வாட். ஆக 8 எச்.பி.

ஆகவே இந்தப் போருக்கு ஏழரை எச்.பி. சற்று இழுத்துப் பிடிக்கும், 10 எச்.பி. தாராளம். இதே 1 லிட்டருக்கு 15 எச்.பி. போட்டால் ஊற்று கூடிவிடாது.

எச்.பி. மட்டும் பார்த்தாலும் தவறிவிடும். நீர்மூழ்கி பம்புக்குள் அடுக்கடுக்காக இறக்கைச் சக்கரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்டேஜும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகிறது. ஸ்டேஜ் அதிகமென்றால் உயரம் அதிகம், அளவு குறைவு. 900 அடிக்கான பம்பை 300 அடியில் தண்ணீர் நிற்கும் போரில் போட்டால், அது தன் அளவுக்கு மேல் இறைத்து, ஆம்பியர் ஏறி, ஊற்றையும் தன்னையும் கெடுத்துக்கொள்ளும். கடைக்காரரிடம் எச்.பி. கேட்பதோடு, “இத்தனை மீட்டர் உயரத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?” என்று கேட்டு, அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்ல வேண்டும்.

கேபிளில் தொலையும் வோல்ட்

மோட்டார் எரிந்தால் பழி மோட்டார்மேல் விழுகிறது. பல நேரங்களில் குற்றவாளி கேபிள்.

ஏழரை எச்.பி. மும்முனை மோட்டார் 14 ஆம்பியர் அளவில் இழுக்கிறது, கேபிள் 300 மீட்டர் என்று கொள்வோம். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டால் வழியிலேயே 30 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 20 வோல்ட். 10 என்றால் 13 வோல்ட்டுக்குள். மேலே ஸ்டார்ட்டர் பெட்டியில் 415 வோல்ட் காட்டினால் இது தாங்கும். டிரான்ஸ்பார்மரின் கடைசித் தோட்டத்தில் மாலை நேரத்தில் 370 காட்டும்போது, கீழே மோட்டாருக்குப் போய்ச் சேருவது 340-க்கும் குறைவு. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். ஆம்பியர் ஏறினால் சூடு ஏறும். ஆயிரம் அடிக்குக் கீழே அந்தச் சூட்டை யாரும் தொட்டுப்பார்க்க முடியாது.

இருமுனை மின்சாரம் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டுவது இன்னொரு பழக்கம். தண்ணீர் கிடைக்காத தவிப்பில் செய்வது என்பது புரிகிறது. ஆனால் சுருள்கள் சமமற்ற மின்னோட்டத்தை வாங்குகின்றன. ஒரு சுருள் மட்டும் வெந்துபோகும். பெட்டிக்குள் ஒரு முனை போனால் நிறுத்தும் ஒருமுனை தடுப்பான், ஆம்பியர் ஏறினால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலே, தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டரும் மொபைல் ஸ்டார்ட்டரும் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நள்ளிரவில் மின்சாரம் வந்து மோட்டார் தானே ஓடும்போது பக்கத்தில் ஆள் இருக்கமாட்டார்.

இறக்குவது

900 அடி என்றால் தண்ணீரை மேலே கொண்டுவரும் பத்தடி யு.பி.வி.சி. குழாய் (காலம் பைப்) தொண்ணூறு. தொண்ணூறு மரை, தொண்ணூறு ரப்பர் வளையம். இதில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் ஏறிய தண்ணீரில் ஒரு பங்கு அங்கேயே பீய்ச்சித் திரும்பக் கீழே விழும். அடிக்குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 27 கிலோ அழுத்தம் இருக்கும். ஒன்றரை இஞ்சுக் குழாய்க்குள் நிற்கும் தண்ணீரே 300 கிலோவைத் தாண்டும். அதற்குரிய அழுத்தத் தரமுள்ள குழாயைத்தான் வாங்க வேண்டும்.

கேபிள் இணைப்பு மோட்டாருக்கு மேலே சில அடியில் வரும். செம்புக் கம்பிகளைத் தனித்தனியாகப் பின்னி, ஒன்றன் இணைப்பு மற்றொன்றின்மேல் படாதபடி ஏற்ற இறக்கமாக வைத்து, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப் போட்டு, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி, மின்கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் மீட்டரால் சோதித்த பிறகுதான் இறக்க வேண்டும். பத்து நிமிட வேலை இது. அவசரத்தில் தவறவிட்டால் மொத்த நீளத்தையும் மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் கேபிளைக் கிளிப் போட்டுப் பிடிப்பது, நைலான் கயிற்றைத் தனியாகக் கட்டுவது, ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு வைப்பது எல்லாம் இதே வரிசையில்.

மோட்டாரைத் தரையில் உட்காரவிடக் கூடாது. அடியில் பத்து, இருபது அடி விட்டுத் தொங்கவிட வேண்டும், சேறு அங்கேதான் சேரும். மோட்டாரைக் குளிர்விப்பது அதை உரசிக்கொண்டு மேலே போகும் தண்ணீர்தான். ஊற்றுக்கண் மோட்டாருக்கு மேலே இருந்தால் தண்ணீர் மேலிருந்தே பம்புக்குள் போய்விடும். மோட்டார் அசையாத தண்ணீரில் வெந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட போரில் மோட்டாரைச் சுற்றி ஓர் உறைக்குழாய் மாட்டினால், தண்ணீர் கீழே இறங்கி மோட்டாரைத் தொட்டுவிட்டு ஏறும். இதைத் தீர்மானிக்கத்தான் துளையிட்ட நாளின் நோட்டு வேண்டும்.

பெட்டியைப் படிப்பது

ஆழ்துளை மோட்டாருக்கு எண்ணெய் விட முடியாது, கிரீஸ் வைக்க முடியாது. பராமரிப்பு என்பது மேலே நின்றுகொண்டு கீழே நடப்பதை ஊகிப்பது. அதற்கு மூன்று கருவிகள் போதும்: வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர், 200 லிட்டர் டிரம். புது மோட்டார் இறக்கிய அன்று மூன்று அளவையும் பெட்டிக் கதவின் உட்புறம் பெயின்டால் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை ஒப்பிட வேண்டும்.

1. வோல்ட் சரி, ஆம்பியர் ஏறியிருக்கிறது: மணல் புகுந்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. உடனே மோட்டாரை மேலே ஏற்றிப் பார்த்தால் சிறு பழுதோடு போகும்.
2. ஆம்பியர் இறங்கியிருக்கிறது, டிரம் நிரம்ப நேரம் ஆகிறது: தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கலாம், சக்கரங்கள் தேய்ந்திருக்கலாம்.
3. ஆம்பியர் பழையபடி, டிரம் மட்டும் மெதுவாக நிரம்புகிறது: குழாயில் ஓட்டை. மோட்டார் நின்றதும் போருக்குள் காது கொடுத்தால் தண்ணீர் விழும் ஓசை கேட்கும்.
4. முதல் அரை மணி நன்றாக வந்து பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்புகிறது: மோட்டாரில் குறையில்லை. ஊற்று குறைந்துவிட்டது. மேலே உள்ள வால்வைத் திருகி அளவைக் குறைக்க வேண்டும், அல்லது டைமர் வைத்து விட்டுவிட்டு ஓட்ட வேண்டும்.
5. ரிலே அடிக்கடி தட்டுகிறது: காரணம் தெரியாமல் ரிலே அளவை ஏற்றி வைக்கக் கூடாது. மோட்டாரைக் காக்கும் கடைசி ஆள் அதுதான்.

மின்சாரம் போய் உடனே வந்தால் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தே ஓட்ட வேண்டும். நான்-ரிட்டர்ன் வால்வு தேய்ந்திருந்தால் குழாய்த் தண்ணீர் திரும்பி இறங்கி பம்பைப் பின்பக்கமாகச் சுழற்றும். அந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் தண்டு முறியும். ஊற்றுக்கண் அடைபட்டுப்போன பழைய போருக்கு, புதுத் துளைக்கு முன் கம்ப்ரசரால் காற்றடித்துக் கழுவி (பிளஷிங்) பார்ப்பது செலவு குறைந்த முதல் முயற்சி.

தண்ணீரின் தரம்

பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. இது நாக்கில் தெரியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். நொய்யல் கரையில் சாயக்கழிவு இறங்கிய கிணறுகளின் கதை எல்லோருக்கும் தெரியும். 2011-இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், பாறைக்குள் போன உப்பு ஆலையோடு சேர்ந்து மூடிக்கொள்ளவில்லை.

நிரப்பும் வேலை

ஒரு பிர்காவில் (பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) ஆண்டுதோறும் நிலத்துக்குள் சேர்ந்து எடுக்கத் தகுந்த நீரில் நூற்றுக்கு எழுபது வரை எடுத்தால் பாதுகாப்பானது. தொண்ணூறைத் தாண்டினால் அபாயம். நூறைத் தாண்டினால் மிகைச் சுரண்டல். நிலத்தடி நீர்க் கணக்கெடுப்பு இப்படித்தான் வகைப்படுத்துகிறது. கொங்கு நாட்டில் நூறைத் தாண்டிய பிர்காக்கள் ஏராளம். அங்கே புதிதாகப் போடும் ஒவ்வொரு போரும் புதுத் தண்ணீரைக் கண்டுபிடிப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தின் பங்கை இன்னும் ஆழமான உறிஞ்சுகுழாயால் இழுக்கிறது.

2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு – அவினாசித் திட்டத்தை இந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் அதன் பொருள் புரியும். பவானியின் உபரி நீரை ஏற்றி 1,045 குளம் குட்டைகளில் விடுவது, அங்கிருந்து நேராக வயலுக்குப் பாய்ச்சுவதற்காக அன்று. குளம் நிரம்பினால் மக்கிய அடுக்கு நிரம்பும், அதிலிருந்து மேல் விரிசல்கள் நிரம்பும். 1,200 அடிப் போரைவிட, குளக்கரையில் பத்து வருடமாக வறண்டு கிடக்கும் 300 அடிப் போருக்குத்தான் இதன் பலன் முதலில் தெரியும். ஆகவே பழைய போர்களை அவசரப்பட்டு மூடிவிடாமல், மழைக்குப் பிறகு ஒரு கயிற்றில் கல் கட்டி இறக்கி மட்டத்தைப் பார்ப்பது நல்லது.

தோட்டத்தில் விழும் மழையைப் போருக்குள் அனுப்ப விரும்புகிறவர்கள், ஓடும் தண்ணீரை நேராகத் துளைக்குள் விடக் கூடாது. சேறு ஊற்றுக்கண்ணை அடைக்கும். உரமும் சாணமும் குடிநீரில் கலக்கும். பக்கத்தில் குழி வெட்டி, பெருங்கல், சல்லி, மணல் என்று அடுக்கி, வடிந்த நீர் மட்டும் இறங்கும்படி செய்ய வேண்டும்.

கைவிட்ட துளை

இனி எதற்கும் ஆகாது என்று முடிவான துளையை அப்படியே விடக் கூடாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடாத துளைக்குள் விழுந்ததையும், நான்கு நாள் மீட்புப் பணி வீணானதையும் தமிழ்நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கைவிட்ட துளையைக் களிமண், மணல், கல், துளையிட்ட பொடி கொண்டு அடி முதல் தரை மட்டம் வரை நிரப்ப வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதல். பயன்பாட்டில் உள்ள போருக்கு, கேசிங்கைச் சுற்றி அரை மீட்டர் நீள அகலத்தில் தரைக்கு மேல் 0.30 மீட்டரும் கீழே 0.30 மீட்டருமாகச் சிமென்ட் மேடை கட்ட வேண்டும். வாயில் இரும்புத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும், அல்லது போல்ட் போட்டு முடுக்கிய மூடி வைக்க வேண்டும்.

கோணிப்பையையும் கல்லையும் வைத்து மூடுவது மூடி ஆகாது. ஒரு மழையில் கோணி மக்கிவிடும். பழுது பார்க்க மோட்டாரை ஏற்றிய நாள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான நாள். குழாய்கள் வெளியே கிடக்கும், மெக்கானிக் மோட்டாரை எடுத்துக்கொண்டு கோவைக்கோ ஈரோட்டுக்கோ போயிருப்பார், ஆறரை இஞ்சு வாய் திறந்திருக்கும். இரும்பு மூடியையும் அதன் நான்கு போல்ட்டையும் மோட்டார் ரூமிலேயே ஓர் ஆணியில் மாட்டி வைத்து, கடைசிக் குழாய் வெளியே வந்ததும், வண்டி நகர்வதற்கு முன் முடுக்கிவிட வேண்டும்.